கானரித் தீவுகளிலிருந்து கரீபியன் வரை: பாய்மரப் படகில் பணியாளாகச் சேர விரும்புபவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் கானரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனாரியாவின் லாஸ் பால்மாஸ் துறையில் நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகள் வந்து கூடும். எல்லாம் ஒரே காற்றுக்காகக் காத்திருப்பவை. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று தெற்கே இறங்கி நிலைபெற்றுவிட்டால், அது பின்னாலிருந்து தள்ளத் தள்ள மேற்கே போய் கரீபியன் தீவுகளைச் சேர்ந்துவிடலாம். செயின்ட் லூசியா தீவுக்கு ஏறத்தாழ 2,700 கடல் மைல். நாற்பது அடிப் படகுக்கு மூன்று வாரம் ஆகும்; காற்று நன்றாக இருந்தால் இரண்டு மூன்று நாள் குறையலாம்.

அந்தப் படகுகளில் பலவற்றுக்கு ஆள் தேவை. கணவன் மனைவி இருவர் மட்டும் மூன்று வாரம் இரவும் பகலும் மாறி மாறி விழித்திருப்பது கடினம். சில காப்பீட்டு நிறுவனங்களும் இத்தனை பேர் இருந்தால்தான் கடல் கடக்கப் பாதுகாப்புத் தருவோம் என்கின்றன. ஆகவே சொந்தப் படகோ பெரும் பணமோ இல்லாத ஒருவர் அட்லாண்டிக்கைக் காற்றால் கடக்க முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. என் தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது அதன் தலைவராக இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோனவர். நான் சவுத்தாம்ப்டனில் செவிலியராக வேலை செய்கிறேன். விடுப்பைச் சேர்த்து வைத்து, பிறருடைய படகுகளில் பணியாளாக ஏறி இந்தக் கடலைக் கடந்திருக்கிறேன். என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் புயலைப் பற்றியும் சுறாவைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். நான் அவர்களைக் கேப்டனைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன். எந்தப் படகு, யார் தலைமை, உடன் வருபவர்கள் யார் என்ற மூன்றும் கரையில் தீர்மானமாகிவிடுகின்றன. கயிற்றை அவிழ்த்துக் கிளம்பிய பிறகு இறங்கிக்கொள்ள இடமில்லை. கரையில் நிற்கும்வரை மட்டுமே உங்களுக்கு முழு அதிகாரம் இருக்கிறது. அதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள்.

எப்போது, எந்த வழி

வட அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதனால் நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி வரை கிளம்புவதே வழக்கம். 1986ஆம் ஆண்டு ஜிம்மி கார்னெல் என்பவர் படகுகளை ஒன்றுசேர்த்து அணியாகக் கடக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 'ஏஆர்சி' என்று அழைக்கப்படும் அந்த அணிவகுப்பு இன்றும் நவம்பரில் லாஸ் பால்மாஸிலிருந்து கிளம்புகிறது. முதலில் பார்படோஸுக்குப் போனது. 1990 முதல் செயின்ட் லூசியாவின் ராட்னி பே விரிகுடாவுக்குப் போகிறது. அதில் சேரும் படகுகள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். உயிர்காப்புத் தெப்பம், செயற்கைக்கோளுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் பரிசோதகர்கள் ஏறிப் பார்க்கிறார்கள். முதல்முறை போகிறவர்கள் இந்த அணியில் சேர்ந்த படகு ஒன்றைத் தேடுவது நல்லது. சோதனையில் தேறியதாலேயே அந்தப் படகு நல்ல படகு என்று ஆகிவிடாது. ஆனால் உங்களுக்குப் பதிலாக வேறொரு கண் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறது.

நேர்கோட்டில் மேற்கே போவதில்லை. முதலில் தென்மேற்காகக் கேப் வெர்டே தீவுகளை நோக்கி இறங்கி, வணிகக் காற்று உறுதியாகப் பிடித்த பிறகே மேற்கே திரும்புவார்கள். சில படகுகள் கேப் வெர்டேயின் மிண்டேலோ துறையில் நின்று போகும். லாஸ் பால்மாஸிலிருந்து அது ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். என்னைக் கேட்டால் முதல்முறை போகிறவருக்கு மிண்டேலோவில் நிற்கும் படகே சிறந்தது. ஒரு வாரத்தில் கடலும் தெரிந்துவிடும், கேப்டனும் தெரிந்துவிடுவார். ஒத்துவராது என்றால் அங்கே இறங்கி விமானத்தில் வீடு திரும்பலாம்.

போகுமுன் கற்க வேண்டியது

சென்னையில் இருப்பவர்கள் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் தொடங்கலாம். 1911இல் தொடங்கிய சங்கம் அது. அங்கே சிறு படகில் கற்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் கன்னமும் காதும் தாமாகவே சொல்லப் பழகிவிடும். அந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய படகிலும் உதவும். பிரிட்டனின் தேசியப் படகோட்டச் சங்கமான ஆர்ஒய்ஏ அமைப்பின் பணியாளர் பயிற்சி ஐந்து நாள் நடக்கும். படகிலேயே தங்கி, பாய் ஏற்றுவது, சுருக்குவது, கயிறு கட்டுவது, சுக்கான் பிடிப்பது எல்லாம் பழகலாம். அதே அமைப்பின் ஒரு நாள் கடல் உயிர்காப்புப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். முழு உடையோடு நீச்சல் குளத்தில் குதித்து, கவிழ்ந்த தெப்பத்தை நிமிர்த்தி, அதில் ஏறிப் பார்க்கும்போதுதான் நனைந்த துணியின் எடை என்னவென்று உடம்புக்குப் புரியும்.

அதன்பின், இரண்டு இரவாவது கரை தெரியாமல் போகும் ஒரு பயணம் செய்யுங்கள். ஜிப்ரால்டரிலிருந்து கானரித் தீவுகளுக்கு வரும் படகுகள் அக்டோபரில் ஆள் தேடும். ஐந்தாறு நாள் பயணம். அந்தக் கடற்பகுதியில் 2020 முதல் ஓர்கா திமிங்கிலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைத்த நிகழ்வுகள் பல நடந்திருக்கின்றன. அதற்கு என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று கேப்டனைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைவிட, அதைச் சொல்லும் விதம் அவரைப் பற்றி அதிகம் காட்டிவிடும்.

நம்மவர்களிடம் இது வெள்ளைக்காரர்களின் விளையாட்டு என்ற எண்ணம் இருக்கிறது. இந்தியக் கடற்படையின் தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும் ரூபாவும் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதக் கடைசியில் அங்கேயே திரும்பி வந்தார்கள். இரண்டே பேர். ரூபா புதுச்சேரிப் பெண். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைப் பாயில் கடந்தவர் நம் ஊர்க்காரி என்பதை நான் சந்திக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையிடமும் சொல்கிறேன்.

படகைத் தேடுவது

இரண்டு வழி உண்டு. ஒன்று, கேப்டன்களையும் பணியாளர்களையும் இணைக்கும் இணைய சேவைகளில் ஆறு மாதம் முன்பே பெயர் கொடுப்பது. மற்றொன்று, நவம்பர் தொடக்கத்தில் லாஸ் பால்மாஸுக்கே போய், படகுத்துறை அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டி, மேடை மேடையாக நடந்து விசாரிப்பது. இரண்டாவது வழியில் ஒவ்வோர் ஆண்டும் இளைஞர்கள் பலர் படகு பிடிக்கிறார்கள். ஆனால் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு நான் முதல் வழியையே சொல்வேன். காரணம் விசா, அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களைப் பற்றி எழுதும்போது ஆசையைக் குறைத்து உபயோகத்தை எழுதுங்கள். கடல் சிறுவயதுக் கனவு என்று தொடங்கும் கடிதங்கள் கேப்டன்களுக்கு நாள்தோறும் வருகின்றன. வயது, உடல்நிலை, எவ்வளவு தூரம் எந்தப் படகில் போயிருக்கிறீர்கள், கடல்மயக்கம் எப்படி வரும், இரவுப்பணி பழக்கமா, என்ன சமைப்பீர்கள், என்ன பழுது பார்ப்பீர்கள், எத்தனை நாள் பொறுத்திருக்க முடியும் என்பவற்றை நேராக எழுதுங்கள். டீசல் இன்ஜின் தெரிந்தவர், மின்வேலை தெரிந்தவர், செவிலியர், ஐந்து பேருக்கு ஆடும் படகில் சோறு வடிக்கக்கூடியவர் ஆகியோருக்கு எப்போதும் இடமுண்டு. அனுபவத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். படகில் ஏறிய பத்தாவது நிமிடத்தில், கயிற்றைக் கையில் பிடிக்கும் விதத்திலேயே உண்மை தெரிந்துவிடும்.

பணம் பற்றி முதல் பேச்சிலேயே தெளிவாகக் கேளுங்கள். சாப்பாடு, துறைக் கட்டணம் போன்ற பொதுச் செலவை எல்லோரும் பகிர்வது நியாயமான வழக்கம். நான் போன படகுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 யூரோ ஆனது. அதற்கு மேல் பெரிய தொகை கேட்டால், அது பயணிகளை ஏற்றும் வணிகப் படகு. அப்படியானால் அதற்குரிய உரிமமும் காப்பீடும் இருக்க வேண்டும். அவற்றைக் காட்டச் சொல்லுங்கள். திருப்பித் தராத முன்பணம் எதையும் படகை நேரில் பார்க்கும்முன் கொடுக்க வேண்டாம்.

கேப்டனைக் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

முதல் கேள்வி: 'நீங்கள் கடலில் விழுந்துவிட்டால் இந்தப் படகைத் திருப்பி வந்து உங்களைத் தூக்க யாருக்குத் தெரியும்?' நல்ல கேப்டன் இந்தக் கேள்வியை மதிப்பார். இன்னாருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு நாளை மறுநாள் பயிற்சி கொடுக்கப்போகிறேன் என்பார். 'நான் விழ மாட்டேன்' என்பவரோடு போகாதீர்கள்.

அடுத்து, இந்தப் படகில், இதே படகில், எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று கேளுங்கள். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரும் சென்ற மாதம் வாங்கிய படகைப் பற்றி ஒன்றும் அறியாதிருக்கலாம். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளை எப்போது மாற்றினார்? பத்து ஆண்டு தாண்டிவிட்டால் பல காப்பீட்டு நிறுவனங்களே மாற்றச் சொல்லும். உயிர்காப்புத் தெப்பம் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? தேதி அதன் பெட்டியின்மேல் எழுதியிருக்கும். நீங்களே படித்துப் பாருங்கள். ஆபத்துச் செய்திக் கருவி இந்தப் படகின் பெயரில் பதிவாகியிருக்கிறதா? பழைய உரிமையாளரின் பெயரிலேயே கிடந்தால் மீட்புப் படை தவறான வீட்டுக்குத் தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கும்.

பிறகு படகை உங்கள் கண்ணால் பாருங்கள். தரைப்பலகையைத் தூக்கச் சொல்லி அடியில் தேங்கியிருக்கும் நீரின் அளவைப் பாருங்கள். படகின் உடலில் கடல்நீர் வந்துபோகும் வால்வு ஒவ்வொன்றின் பக்கத்திலும், குழாய் உடைந்தால் அடைக்க ஒரு மரக்கட்டை கட்டித் தொங்க வேண்டும். இன்ஜினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் புத்தம் புதிதாகப் பளபளக்க வேண்டும் என்பதில்லை. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கேப்டனுக்குக் கை நீட்டியவுடன் தெரிகிறதா என்று பாருங்கள்.

மது பற்றிக் கேளுங்கள். கடலில் ஒரு சொட்டும் இல்லை என்ற படகும், மாலையில் எல்லோருக்கும் ஒரு கோப்பை என்ற படகும் இரண்டும் நடைமுறையில் உண்டு. விதி எதுவாக இருந்தாலும் கேப்டனுக்கும் அதே விதிதானா என்பதே முக்கியம். துறையில் கட்டிக் கிடக்கும் நாள்களில் அவர் காலை பத்து மணிக்கு எப்படி இருக்கிறார் என்று கவனியுங்கள்.

தேதிக்கு அடிமையான படகை விட்டு விலகுங்கள். 'டிசம்பர் 18ஆம் தேதி எனக்கு விமானம், எப்படியும் போய்ச் சேர வேண்டும்' என்று கேப்டன் சொன்னால், பழுதான படகோடும் கெட்ட வானிலையிலும் அவர் கிளம்புவார். கேள்வி கேட்டால் எரிச்சல்படுபவர், மனைவியிடமோ பழைய பணியாளிடமோ உங்கள் முன்னாலேயே கத்துபவர், உங்கள் கடவுச்சீட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வேன் என்பவர், இவர்கள் யாரோடும் ஏற வேண்டாம். துறைமுக வேலைக்காகக் கடவுச்சீட்டை வாங்குவது வேறு; வேலை முடிந்ததும் அது உங்கள் கைக்கு வர வேண்டும்.

பெண்களுக்குச் சில சொற்கள். முன்பு அந்தப் படகில் போன பெண் பணியாள் ஒருவரின் தொடர்பைக் கேட்டு வாங்கி நீங்களே பேசுங்கள். அப்படி யாருமில்லை என்றால், இன்னொரு பெண்ணோ தம்பதியரோ உடன் வரும் படகைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் உறங்கும் இடத்துக்குக் கதவோ திரையோ உண்டா என்று பாருங்கள். படகின் பெயர், பதிவெண், கேப்டனின் முழுப்பெயர், எல்லோருடைய விவரமும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். அப்படிக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது கேப்டனுக்கும் தெரியட்டும். மனத்தில் ஏதோ உறுத்துகிறது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை என்றால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். அடுத்த படகு கிடைக்கும்.

இத்தனையும் திருப்தி என்றால் ஒரு பகலும் ஓர் இரவும் அந்தப் படகிலேயே வெளியே போய்வரக் கேளுங்கள். கானரித் தீவுகளுக்கு இடையில் காற்று நெருக்கி வேகமெடுக்கும் பகுதிகள் உண்டு. அங்கே ஓர் இரவு போய்வந்தால் படகையும் ஆள்களையும் போதுமான அளவு அறியலாம்.

காகிதங்கள்

கானரித் தீவுகள் ஸ்பெயினின் பகுதி; ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. காத்திருக்கும் நாள்களும் அதில் அனுமதிக்கப்படும் 90 நாள் கணக்கில் சேரும். விமானத்தில் நுழைந்து படகில் வெளியேறுவதால், கிளம்புமுன் துறைமுகத்துக்குரிய காவல்துறை அலுவலகத்தில் வெளியேறுவதைப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் இன்னும் ஐரோப்பாவிலேயே இருப்பதாகக் கணக்கு நிற்கும். அடுத்த விசாவில் சிக்கல் வரும். கரீபியனில் உள்ள மார்டினிக், குவாதலூப் ஆகியவை பிரான்ஸின் பகுதிகளாக இருந்தாலும் ஷெங்கனுக்குள் அடங்காதவை. சாதாரண ஷெங்கன் விசாவோடு அங்கே இறங்க முடியாது. கரீபியனில் பல தீவுகள் தனி நாடுகள், தனி விதிகள். பழுதோ காற்றோ படகை வேறு தீவுக்குத் தள்ளலாம் என்பதால், போய்ச் சேரும் தீவுக்கு மட்டுமல்லாமல் பக்கத்துத் தீவுகளுக்கும் உங்கள் கடவுச்சீட்டு செல்லுமா என்று அந்தந்தத் தூதரகத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

சாதாரணப் பயணக் காப்பீடு கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் செல்லாது என்று சிறு எழுத்தில் போட்டிருக்கும். பெருங்கடல் பயணத்தை ஏற்கும் காப்பீட்டை எடுங்கள்.

பை, மருந்து

சக்கரம் வைத்த பெட்டி கூடாது. மடித்து ஒடுக்கக்கூடிய துணிப்பை. முதல் வாரம் இரவில் குளிரும், பிறகு வெயில் கொளுத்தும். சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு, காதடைப்பான், கண்மூடி, நழுவாத அடிப்பகுதி கொண்ட காலணி. லைஃப் ஜாக்கெட்டைச் சொந்தமாக வைத்திருந்தால் நல்லது. தொடைகளுக்கிடையே போகும் வார் அதில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நீரில் விழுந்ததும் ஜாக்கெட் தலைக்குமேல் ஏறிவிடும். அதோடு இணைக்கும் ஏஐஎஸ் கருவி ஒன்று வாங்குங்கள். நடுக்கடலில் விழுந்தவரைத் தூக்கக்கூடியது பெரும்பாலும் அவருடைய படகு ஒன்றுதான். அந்தப் படகின் திரையிலேயே நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி என்பதால் இதற்கு முதலிடம் கொடுக்கிறேன்.

செவிலியராகச் சொல்கிறேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் பல் மருத்துவரிடம் போய்வாருங்கள். கடல்மயக்க மருந்தை வீட்டிலேயே ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். சின்னரிசின் சிலருக்குக் கடும் உறக்கம் தரும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமைன் பட்டை சிலருக்குப் பார்வையை மங்கச்செய்யும், அரிதாக மனக்குழப்பமும் தரும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. எந்த மருந்தானாலும் கிளம்புவதற்கு முந்தைய இரவே தொடங்க வேண்டும்; வாந்தி வந்தபின் விழுங்கினால் தங்காது. முதல் இரண்டு மூன்று நாள் கடினம், அதன்பின் பெரும்பாலோருக்கு உடல் பழகிவிடும். அதுவரை சிறிது சிறிதாக நீர், உப்பு பிஸ்கட், இஞ்சி. வாந்தி எடுப்பவரைத் தனியாகப் படகின் ஓரத்துக்குப் போகவிடக்கூடாது; வாளி கொடுத்து உட்காரவைக்க வேண்டும்.

கடலில் உங்கள் வேலை

காவல் முறைதான் படகின் உயிர். நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று மணி நேரக் காவல், ஒன்பது மணி ஓய்வு. அந்த ஒன்பது மணிக்குள்தான் சமையல், பழுது, உறக்கம் எல்லாம். காவல் மாறும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே ஆடையும் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு தயாராக நிற்பவரை எல்லோரும் நேசிப்பார்கள். ஐந்து நிமிடம் தாமதிப்பவர்மீது முதல் வாரத்திலேயே கசப்பு படியும்.

மருத்துவமனையில் ஒரு பணிமுறை முடிந்து அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது வாயால் சொல்லி, எழுத்தில் காட்டித்தான் போவோம். படகிலும் அதையே வற்புறுத்துகிறேன். காற்றின் திசை, வேகம், எந்தப் பாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, எந்தக் கப்பல் எந்தப் பக்கம், எந்த மேகத்தின்மேல் சந்தேகம், பேட்டரி எவ்வளவு என்பவற்றைச் சொல்லி முடித்து, வந்தவர் கண் இருட்டுக்குப் பழகும்வரை உடன் உட்கார்ந்திருங்கள்.

அறையிலிருந்து மேலே ஏறுமுன்பே, உங்களைப் படகோடு பிணைக்கும் கயிற்றின் கொக்கியை மாட்டிவிட வேண்டும். வெளியே வந்த பிறகு மாட்டலாம் என்ற அந்த ஒரு கணத்தில்தான் அலை வரும். இரவில் காவலில் ஒருவர் மட்டும் இருக்கும்போது, சுக்கான் பிடிப்பவர் உட்காரும் குழியை விட்டு முன்னால் போகக் கூடாது. போக வேண்டியிருந்தால் இன்னொருவரை எழுப்புங்கள். கேப்டனை எழுப்பத் தயங்காதீர்கள். நல்ல கேப்டன், வீணாக எழுப்பியதற்காக ஒருபோதும் கோபிக்க மாட்டார்.

அடிவானத்தில் தெரியும் சரக்குக் கப்பல் கால்மணி நேரத்தில் பக்கத்தில் வந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று நான்கு திசையும் கண்ணால் பாருங்கள். திரையை மட்டும் நம்ப வேண்டாம். கப்பலின் சிவப்பு, பச்சை விளக்குகள் இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது நேராக உங்களை நோக்கி வருகிறது. ஒரு கப்பல் தெரியும் திசை மாறாமல், உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதும் வழியில் இருக்கிறீர்கள்.

பின்காற்றில் போகும் பயணம் இது. பெரிய பாயின் அடியைத் தாங்கும் கிடைமரம் ஒரு பக்கமாக விரிந்து நிற்கும். படகு பக்கவாட்டில் ஆடிக் காற்று பாயின் மறுபக்கம் பட்டால் அந்த மரம் முழு வேகத்தில் இந்தப் பக்கம் அடிக்கும். வழியில் தலை இருந்தால் பிழைப்பது அரிது. அதைத் தடுக்க மரத்தின் நுனியிலிருந்து படகின் முன்முனையான அணியத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டுவார்கள். காவலை ஏற்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கயிறு இறுக்கமாக இருக்கிறதா, உராய்ந்து நைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மூன்று வாரம் ஒரே இடத்தில் உராயும் கயிறு எதுவும் தேயும்.

மேற்கே போகப் போக இரவில் மழைமேகக் காற்று வரும். விண்மீன்களை மறைத்துக்கொண்டு அடியில் கறுத்துத் தொங்கும் மேகத்தைக் கண்டால் அது வந்து சேருமுன் பாயைச் சுருக்குங்கள். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் வீசிய காற்று ஐந்து நிமிடத்தில் 30ஐத் தாண்டும். பொழுது சாயும்போதே பாயைக் குறைத்துவிடும் கேப்டன்களோடு போகவே எனக்குப் பிடிக்கும். அரை நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் எல்லோரும் உறங்கியிருப்பார்கள்.

சமையலில் நம்மவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பிரஷர் குக்கர் படகுக்கென்றே செய்ததுபோல் அமையும். மூடி பூட்டிக்கொள்வதால் சாய்ந்தாலும் கொட்டாது, கேஸும் மிச்சம். அரிசி, பருப்பு, புளி, மிளகுத்தூள், எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோங்கள். முட்டைக்கோஸ், பூசணி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்று வாரம் தாங்கும். முட்டையைக் குளிர்பெட்டியில் வைக்காத கடையில் வாங்கி அடிக்கடி திருப்பி வையுங்கள். அட்டைப்பெட்டி ஒன்றுகூடப் படகுக்குள் வரக்கூடாது. அதன் மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும். கொதிநீரைக் கையாளும்போது எவ்வளவு வெக்கையானாலும் மழைக்கால்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். நடுக்கடலில் தொடை வெந்த ஒருவருக்கு மருத்துவம் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பது தொழில்முறையில் எனக்குத் தெரியும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் நன்னீர் கணக்கு, குளியல் கடல்நீரில்.

மனிதர்களைப் பற்றி ஒன்று. இரண்டாவது வாரத்தில் சின்னஞ்சிறு விஷயங்கள் பெரிதாகத் தோன்றும்: யார் கடைசி பிஸ்கட்டை எடுத்தது, யார் கோப்பையைக் கழுவவில்லை. நாளுக்கு ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் படகில் இவை பேச்சிலேயே கரைந்துவிடுகின்றன. அந்த வேளைச் சோற்றை நீங்களே பொறுப்பெடுத்துச் சமையுங்கள்.

போய்ச் சேர்ந்ததும்

கானரியிலிருந்து செயின்ட் லூசியா வரை நான்கு மணி நேர வித்தியாசம். வழியிலேயே படகின் கடிகாரத்தை ஒவ்வொரு மணியாகப் பின்தள்ளிக்கொண்டு வருவார்கள். துறையில் கட்டியதும் மஞ்சள் கொடி ஏறும். குடியேற்ற அலுவலகத்தில் கேப்டன் எல்லோர் பெயரையும் பதிந்து முடிக்கும்வரை யாரும் கரையில் அலையக் கூடாது. நீங்கள் விமானத்தில் திரும்புவதானால், படகின் பணியாளர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை முறைப்படி நீக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டோ அதற்கான பணமோ உங்களிடம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்பார். உங்களைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு சட்டப்படி கேப்டன் தலையில் விழும் என்பதால், கேப்டனும் கிளம்புமுன்பே அதைக் கேட்டிருப்பார். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள், எதிர்பார்க்கும் நாளிலிருந்து ஒரு வாரமாவது தள்ளிப் போடுங்கள். பொதுச் செலவுக் கணக்கை அன்றே முடித்துவிடுங்கள். படகைக் கழுவி, பாய்களை மடித்து, குளிர்பெட்டியைத் துடைத்துக் கொடுக்க இரண்டு நாள் உடனிருந்து உதவினால், அடுத்த பயணத்துக்கு வேறொரு கேப்டன் உங்களைப் பற்றி விசாரிக்கும்போது இவர் நல்லபடியாகச் சொல்வார்.